ஓடும் தண்ணீரை நடக்கவைத்த மூன்று ஹெக்டேர்

1964இல், இன்று ஜிம்பாப்வே எனப்படும் ரொடீசியாவின் ரயில்வேயில் வேலை பார்த்துக்கொண்டிருந்த ஒருவரை வீட்டுக்கு அனுப்பினார்கள். வெள்ளைச் சிறுபான்மை ஆட்சிக்கு எதிராக அரசியல் பேசினார் என்பது குற்றச்சாட்டு. இனி எங்கேயும் வேலை கிடைக்காது என்றும் சொல்லிவிட்டார்கள். வீட்டில் சாப்பாட்டுக்கு எட்டுப் பேர். கையில் மிஞ்சியவை ஒரு பைபிளும் மூன்று ஹெக்டேர் குடும்ப நிலமும்தான். நிலம் என்றதும் பச்சையாக எதையும் நினைத்துக்கொள்ள வேண்டாம். மாடுகள் மேய்ந்து மொட்டையாக்கிய சரிவு அது. மழை பெய்தால் மேல்மண்ணை வாரிக்கொண்டு போகும் அரிப்புப் பள்ளங்கள், உச்சியில் ஒரு வழுக்குப் பாறை.

அவர் பெயர் செஃபனாயா ஃபீரி மசேக்கோ. இன்றைய ஜிம்பாப்வேயின் தென்மத்தியில், கல்நார்ச் சுரங்கத்தால் பெயர் வாங்கிய ஸ்விஷாவானே பகுதியைச் சேர்ந்தவர். 1927இல் பிறந்து 2015இல், 88 வயதில் இறந்தார். வேலை போன நாளிலிருந்து சாகும்வரை அந்த மூன்று ஹெக்டேரை விட்டு அவர் கவனம் நகரவில்லை. ஃபீரி என்றால் சிச்சேவா மொழியில் குன்று. பெயர்ப் பொருத்தம் என்று சிரித்துக்கொள்ளலாம், ஏனென்றால் அவர் செய்ததெல்லாம் குன்றிலிருந்து இறங்கிய தண்ணீரை நிறுத்தியதுதான்.

தற்சார்பு வீட்டுநிலம், மண்ணை மீட்கும் சிறு விவசாயம் என்று பேசும்போது உரத்தில் தொடங்குவதுதான் வழக்கம். என்ன எரு, எத்தனை நாள் மட்க வேண்டும், எந்தக் கரைசல் என்று பேச்சு அங்கேயே சுற்றிவரும். ஃபீரியின் நிலத்தை ஆய்வுக்கு எடுத்துக்கொண்டதற்குக் காரணம், அங்கே வரிசை வேறாக இருந்தது. முதலில் தண்ணீர், அதன் பின்னால் மண், கடைசியில்தான் பயிர். தண்ணீரிலும் எங்கே தொடங்குவது என்பதில் அவர் பிடிவாதமாக இருந்தார்: நிலத்தின் ஆக உயரமான இடத்தில்.

எப்படிப்பட்ட நிலம்

ஜிம்பாப்வேயின் விளைநிலங்களை மழையை வைத்து ஐந்து மண்டலங்களாகப் பிரித்திருக்கிறார்கள். முதல் மண்டலத்தில் மழை தாராளம், ஐந்தாவதில் கடும் பஞ்சம். ஸ்விஷாவானே வட்டாரத்தின் பெரும்பகுதி நான்காவதில் வருகிறது, அதாவது ஆண்டுக்கு 450 முதல் 650 மி.மீ. வரை. ஃபீரியின் நிலத்துக்குச் சொல்லப்படும் சராசரி 570 மி.மீ. மோசமில்லையே என்று தோன்றும். ஆனால் இந்தச் சராசரி, வெள்ள ஆண்டையும் வறட்சி ஆண்டையும் கூட்டி வகுத்தது. 300 மி.மீ.கூட எட்டாத ஆண்டுகள் உண்டு. பெய்வதும் நவம்பரிலிருந்து மார்ச் வரைதான். அதிலும் பாதிக்கு மேல் சில மாலை நேரத்து இடிமழைகளில் கொட்டித் தீர்ந்துவிடும். மிச்சம் ஏழு மாதம் வானம் வெளுத்துக் கிடக்கும்.

ஒரு சதுர மீட்டரில் ஒரு மி.மீ. மழை என்றால் ஒரு லிட்டர். மூன்று ஹெக்டேர் என்பது 30,000 சதுர மீட்டர். சராசரி ஆண்டில் அந்த நிலத்தின் மேல் விழுவது 1 கோடியே 71 லட்சம் லிட்டர். 300 மி.மீ. மட்டுமே பெய்யும் மோசமான ஆண்டிலும் 90 லட்சம் லிட்டர் விழுகிறது. எட்டுப் பேர் குடிக்க, சமைக்க, குளிக்க, சில மாடுகளுக்குக் காட்ட இதில் ஒரு சிறு துண்டு போதும். தட்டுப்பாட்டை வானம் உண்டாக்கவில்லை. விழுந்தது ஒரு மணி நேரத்துக்குள் எல்லை தாண்டிப் போனதுதான் தட்டுப்பாடு.

போகாமல் தடுக்க வேண்டிய மண்ணும் அங்கே பலவீனமானது. அந்த வட்டாரத்தில் பெரும்பாலும் கருங்கல் பாறை சிதைந்து உருவான மணற்பாங்கான மண். சத்தும் குறைவு, தண்ணீரைப் பிடித்துவைக்கும் திறனும் குறைவு. இப்படிப்பட்ட மண்ணில் ஒரு மீட்டர் ஆழத்துக்குப் பயிரால் எடுத்துக்கொள்ள முடிந்த நீர் 100 மி.மீ.க்கும் குறைவாகவே தங்கும். வண்டலில் அது ஏறத்தாழ இரண்டு மடங்கு. ஆனால் இந்த மண்ணுக்கு ஒரு நல்ல குணமும் உண்டு. தண்ணீரை வேகமாக உள்ளே விடும். உள்ளே போனது, அடியில் இருக்கும் சிதையாத பாறையைத் தொட்டதும் அதன்மேல் வழுக்கிச் சரிவில் மெல்லக் கீழ்நோக்கி நகரும். மேலே உள்ளே இறக்கினால் கீழே ஊற்றாக வரும் என்று பொருள். ஃபீரியின் மொத்த வேலையும் இந்த ஒரு குணத்தின்மேல் நிற்கிறது.

அரசாங்கம் போட்ட வரப்பு

இந்த இடத்தில் கொஞ்சம் வரலாறு வேண்டும், இல்லாவிட்டால் அவர் தோண்டிய குழிகளின் குறும்பு புரியாது.

கறுப்பின விவசாயிகளுக்கென்று ஒதுக்கிய பகுதிகளில் மண் அரிப்பைத் தடுக்க வேண்டும் என்று காலனி அரசு 1930களிலிருந்தே சரிவுக்குக் குறுக்கே வரப்பு போடவைத்தது. 1951இல் வந்த உள்நாட்டவர் நில மேலாண்மைச் சட்டத்தோடு கட்டாயம் இன்னும் இறுகியது. தங்கள் நிலத்தில், கூலியில்லாமல், தங்கள் முதுகை ஒடித்துக் குடும்பங்கள் அந்த வரப்புகளைப் போட்டன. விடுதலை இயக்கத்துக்குக் கிராமங்களில் ஆதரவு திரண்டதில் இந்த வரப்பு வெறுப்புக்கும் பங்குண்டு.

வரப்பைக் கட்டினால் தண்ணீர் நிற்கும் என்றுதான் நமக்குத் தோன்றும். இங்கே வரப்பு தண்ணீரை வழியனுப்பிவைத்தது. ஒவ்வொரு வரப்புக்கும் மேல்பக்கம் ஒரு வாய்க்கால் உண்டு. அதை மட்டமாக வைக்காமல் ஒரு பக்கம் லேசாகச் சாய்த்து வைத்திருந்தார்கள். சரிவில் இறங்கும் நீர் வாய்க்காலில் விழுந்து, பக்கவாட்டில் ஓடி, நிலத்தின் ஓரத்தில் இருக்கும் வடிகாலைச் சேர்ந்து வெளியேறும். அரிப்பைத் தடுப்பதுதான் நோக்கம், அந்த அளவில் அது வேலையும் செய்தது. மழை மிகுந்த பகுதிக்கு அது சரியான ஏற்பாடாகக்கூட இருக்கலாம். வறண்ட சரிவில் அதே ஏற்பாடு, விழுந்த தண்ணீரை வரிசையாக நிற்கவைத்து வெளியேற்றும் ஏற்பாடாக முடிந்தது.

மழையில் நின்று பார்த்தது

வேலை இல்லாதவருக்கு நேரம் இருந்தது. மழை வந்தால் எல்லோரும் உள்ளே ஓடுவார்கள், ஃபீரி வெளியே போய் நின்றார். தண்ணீர் எங்கே வேகமெடுக்கிறது, எங்கே தயங்குகிறது, மழை விட்ட பின் எந்த இடம் அதிக நாள் ஈரமாக இருக்கிறது என்று பார்த்துக்கொண்டே இருந்தார். சரிவில் கிடக்கும் ஒரு கல்லுக்கும் ஒரு புல் கொத்துக்கும் மேல்பக்கத்தில் ஈரம் நாள்கணக்கில் தங்கியது, கீழ்பக்கம் சீக்கிரம் காய்ந்தது. கல் தண்ணீரைத் தடுத்துவிடவில்லை, கொஞ்சம் தாமதப்படுத்தியது, அவ்வளவுதான். அந்தத் தாமதத்தில் தண்ணீர் மண்ணுக்குள் இறங்கியது.

இதைப் பெரிய கண்டுபிடிப்பு என்று சொல்ல மாட்டேன். சரிவு நிலத்தில் நடந்து பழகிய யாருக்கும் கண்ணில் பட்டிருக்கும். அதை மட்டும் நம்பி முப்பது வருடம் கல் அடுக்க யாருக்குத் துணிச்சல் வரும் என்பதுதான் கேள்வி. அவருக்கு வந்தது. பிற்காலத்தில் வருகிறவர்களிடம் மண்ணை ஒரு தகர டப்பாவோடு ஒப்பிட்டுச் சொல்வார்: டப்பா தண்ணீரைப் பிடிக்க வேண்டியது, அரிப்புப் பள்ளங்கள் அதில் விழுந்த ஓட்டைகள், ஓட்டையை அடைக்காமல் மேலே எதை ஊற்றினாலும் வீண்.

ஒரு மழை, மேலிருந்து கீழே

நவம்பர் மாத மாலை ஒன்றில் 25 மி.மீ. மழை கொட்டுகிறது என்று வைத்துக்கொள்வோம். அதன் பின்னாலேயே சரிவில் இறங்கிப் பார்த்தால்தான் இந்த அமைப்பு விளங்கும்.

முதல் துளிகள் பாறையில் விழுகின்றன. பாறை எதையும் குடிக்காது. ஆயிரம் சதுர மீட்டர் பாறைக்கு 25,000 லிட்டர் என்ற கணக்கில் தண்ணீர் திரண்டு பாறை விளிம்பிலிருந்து சரிவில் பாய்கிறது. பழைய நிலத்தில் அழிவு தொடங்கிய இடம் இதுதான். நீரின் வேகம் இரண்டு மடங்கானால் அதன் தள்ளும் ஆற்றல் நான்கு மடங்காகும், மேல்மண் அதன் முன் நிற்காது.

இப்போது அந்த விளிம்புக்குக் கீழே, சரிவுக்குக் குறுக்கே, முழங்கால் உயரம்கூட இல்லாத கல்வரிசைகள். சாந்து கிடையாது. கல்மேல் கல், இடையில் சந்து. தண்ணீர் முட்டுகிறது, சந்துகளில் நூறு சிறு கீற்றுகளாகப் பிரிந்து வழிகிறது, அடுத்த வரிசையில் மறுபடி முட்டுகிறது. கொண்டுவந்த மண்ணையும் சருகையும் ஒவ்வொரு கல்வரிசைக்குப் பின்னாலும் இறக்கிவைத்துவிட்டுப் போகிறது. சில வருடத்தில் அந்தப் படிவில் புல் முளைக்கும், புல்வேர் கல்லைப் பிடித்துக்கொள்ளும். சாந்து பூசியிருந்தால் மொத்த நீரும் தேங்கி, எங்கோ ஒரு பலவீனமான மூலையில் அழுத்தி, அங்கே உடைத்துக்கொண்டு பாய்ந்திருக்கும். கசிய விட்டதால் எந்தக் கல்லின் மேலும் முழுப் பாரம் விழவில்லை.

அடக்கிய தண்ணீர் அடுத்து போய்ச் சேரும் இடம் ஒரு மண் குட்டை. அடியில் எதுவும் பூசவில்லை. ஃபீரி இதற்கு வைத்த பெயர் குடிவரவு மையம். வெளியிலிருந்து வரும் தண்ணீரை இங்கேதான் வரவேற்று, நிலத்தில் எங்கே குடியிருக்க வேண்டும் என்று சொல்லி அனுப்புகிறாராம். சொந்த நாட்டிலேயே கறுப்புப் பட்டியலில் இருந்த மனிதர் வைத்த பெயர் இது, நினைவில் இருக்கட்டும். பார்வைக்கு அது கசியும் குட்டை, கசிவதுதான் அதன் வேலையும். ஒரு பருவத்தில் மூன்று முறை அது நிரம்பி வடிந்துவிட்டால், இரண்டு ஆண்டுக்கான தண்ணீர் நிலத்துக்குள் போய்விட்டது என்பது அவர் கணக்கு. குட்டை எத்தனை முறை நிரம்பியது என்று எண்ணியே அடுத்த ஆண்டுக்குத் திட்டமிட்டார்.

ஏன் தேக்கி வைக்காமல் உள்ளே விட வேண்டும்? அந்த வெயிலில் திறந்த நீர்ப்பரப்பிலிருந்து ஆண்டுக்கு ஒன்றரை மீட்டருக்கும் மேல் ஆவியாகிப் போகும். பெய்யும் மழையைப் போல இரண்டு மூன்று மடங்கு அது. மண்ணுக்குள் ஒரு ஆள் ஆழத்தில் இருக்கும் தண்ணீரை வெயில் தொட முடியாது.

அருகில் இன்னொரு சிறிய குட்டையும் உண்டு. அதிலிருந்து ஒரு குழாய் வீட்டை ஒட்டிய தரைமேல் தொட்டிக்குப் போகிறது. அது மட்டும் பெரோசிமென்ட், கம்பி வைத்துப் பூசியது. மழை தள்ளிப்போகும் வாரங்களில் முற்றத்துத் தோட்டத்துக்கு அதிலிருந்து தண்ணீர். முற்றத்தில் கைகழுவும், பாத்திரம் கழுவும் இடத்திலிருந்து வரும் அழுக்கு நீர் ஒரு மூடிய நிலத்தடிக் குழிக்குப் போகும். குழியின் சுவர் மறுபடியும் சாந்தில்லாத கல். சுற்றிலும் நிற்கும் மரங்களின் வேர் அதை இழுத்துக்கொள்ளும். கொசு மொய்க்கவோ நாற்றம் வீசவோ தண்ணீர் வெளியே நிற்பதே இல்லை.

இந்த நிலத்தின் வரைபடத்தில் எனக்கு ஆகப் பிடித்த விஷயம் இந்தச் சாந்துதான். சிமென்ட் வேண்டாம் என்று கொள்கை பேசியவர் இல்லை அவர், தொட்டிக்குப் பூசியிருக்கிறார். தண்ணீர் நிற்க வேண்டிய இடத்தில் மட்டும் சிமென்ட். நகர வேண்டிய இடங்களில், அதாவது கல்வரிசையிலும் கழிவுநீர்க் குழியிலும் கிணற்றுச் சுவரிலும், வெறுங்கல்.

அடுத்து வயல். இங்கேதான் அரசாங்க வரப்புகள். அவற்றை அவர் இடிக்கவில்லை. இடித்திருந்தால் சட்டம் பாய்ந்திருக்கும், நிலமும் அரித்திருக்கும். வரப்பை ஒட்டிய வாய்க்காலுக்குள்ளேயே வரிசையாகப் பெரிய குழிகள் தோண்டினார். இப்போது வாய்க்காலில் இறங்கிய நீர் ஓட வழியில்லை. முதல் குழி நிரம்ப வேண்டும், நிரம்பினால்தான் அடுத்ததற்குப் போகும். மழை விட்ட அன்று எட்டிப் பார்த்தால் குழி நிறையச் செம்பழுப்புத் தண்ணீர். சில நாளில் அடியில் பிசுபிசுத்த வண்டல் மட்டும் மிஞ்சியிருக்கும், தண்ணீர் வரப்புக்கு அடியில் புகுந்து கீழ்ப்பக்கத்துப் பயிர் வேருக்குப் போயிருக்கும். தண்ணீரை வெளியேற்றப் போட்ட அதே வரப்பு, தண்ணீரை இறக்கும் வரப்பாகிவிட்டது. வெளியிலிருந்து பார்க்கும் அதிகாரிக்கு வரப்பும் அப்படியே, வாய்க்காலும் அப்படியே. இவற்றை இன்று அந்த நாட்டில் ஃபீரி குழிகள் என்றே சொல்கிறார்கள்.

வயலுக்குக் கீழே கிணறுகள், அவற்றுக்கும் கீழே ஈரநிலம். மேலே குட்டையிலும் குழிகளிலும் இறங்கியதெல்லாம் பாறைமேல் வழுக்கி, மெல்ல நகர்ந்து, இங்கே வருகிறது. கிணற்றுச் சுவர்க் கல்லிடுக்குகளில் கசிந்து ஊறும். வறண்ட ஆண்டுகளிலும் கிணறுகள் கைவிடவில்லை. ஆகத் தாழ்ந்த இடத்தில் மீன்குட்டைகள். கரையில் வாழை, மூங்கில், நாணல், கரும்பு, உயர்ந்த புல்வகைகள். அவை கரையைப் பிடித்துக்கொண்டன, தீவனமும் கூடை பின்னும் பொருளும் கொடுத்தன. மீன் எச்சம் கலந்த தண்ணீர் பயிருக்குப் போனது.

25 மி.மீ. மழையின் பயணம் ஒரு மணி நேரத்தில் முடிந்துபோன காலம் உண்டு. இப்போது அதே தண்ணீர் பாறையிலிருந்து அடிக்குட்டைக்கு வந்துசேர மாதக்கணக்கில் ஆகிறது.

மண்ணும் விதையும்

இதைச் சுருக்கமாகவே சொல்லிவிடலாம், ஏனென்றால் தண்ணீர் தங்கத் தொடங்கிய பிறகு நடந்தவை பெரும்பாலும் தாமாக நடந்தவை. ஈரம் இருந்ததால் புல் வந்தது, புல் இருந்ததால் சருகு, சருகால் மட்கு, மட்கால் இன்னும் ஈரம். மணலில் மட்கு ஏறினால் தண்ணீர் பிடிக்கும் திறன் உயரும், அதுவரை மழைக்கு மழை தவித்த பயிர் இரண்டு வாரம் தாங்கும்.

பயிர் வகைகளின் பட்டியல் நீளமானது. மக்காச்சோளம், பூசணி, அவரை, பட்டாணி, மிளகாய், கத்தரி, தக்காளி, கீரை, வெங்காயம், பூண்டு. பழத்தில் மா, கொய்யா, பப்பாளி. கூடவே முச்சகாத்தா, முத்தாம்பா போன்ற அந்த மண்ணின் காட்டுப் பழமரங்கள். கடையில் வாங்கும் வீரிய விதையைவிட, தானே எடுத்துவைத்து மறு ஆண்டும் முளைக்கவைக்க முடிகிற விதையை அவர் நம்பினார். அந்த நிலத்தில் பலமுறை விளைந்து தேறிய விதை, அந்த நிலத்தின் பஞ்சத்தை ஏற்கெனவே பார்த்த விதை.

இந்தப் பட்டியலைப் பன்மயம் என்று பாராட்டிவிட்டு நகர்வது எளிது. இன்னொரு விதமாகவும் பார்க்கலாம். ஒவ்வொன்றுக்கும் ஒரு காலக் கணக்கு உண்டு. கீரை சில வாரத்தில் கைக்கு வரும், மக்காச்சோளத்துக்கு ஒரு பருவம். மா பல வருடம் கழித்துக் காய்த்தாலும் ஒரு மழை தவறினால் சாகாது. குட்டை நிரம்பிய கணக்கு இரண்டு ஆண்டுக்கு. ஒரு பருவம் பொய்த்தால் பருவக் கணக்கில் இருப்பது மட்டும் போகும். மற்றவை தங்கள் கணக்கில் ஓடிக்கொண்டிருக்கும். தாங்குதிறன் என்று சொல்வதை இந்த நிலத்தில் இப்படித்தான் என்னால் பார்க்க முடிகிறது. விளைச்சல் எத்தனை டன் என்ற கணக்கில் இது தெரியாது.

1991-92இல் ஆப்பிரிக்காவின் தென்பகுதி முழுவதையும் அந்த நூற்றாண்டின் மோசமான வறட்சிகளில் ஒன்று தாக்கியது. ஜிம்பாப்வேயில் மக்காச்சோளம் கருகியது, வழக்கமாக ஏற்றுமதி செய்யும் நாடு தானியத்தை இறக்குமதி செய்தது, தெற்கில் மாடுகள் கூட்டம் கூட்டமாகச் செத்தன. ஒரே மழையை, ஒரே பருவத்தை நம்பியிருந்த வயல்களில் மீட்க எதுவும் இருக்கவில்லை.

சட்டத்தோடு மல்லுக்கட்டு

நிலத்தோடு பட்ட பாட்டைவிடச் சட்டத்தோடு பட்ட பாடு குறைவில்லை. 1941இன் இயற்கை வளச் சட்டம், 1952இன் ஓடைக்கரைப் பாதுகாப்பு விதிகள் ஆகியவற்றின்படி, ஓடையிலிருந்து ஏறத்தாழ 30 மீட்டருக்குள்ளும் ஈரநிலங்களிலும் பயிரிடக் கூடாது. பெரிய பண்ணைகள் ஈரநிலங்களை வடித்து உழுது பள்ளமாக்கிய அனுபவத்தில் வந்த விதி அது. ஆனால் கைக்கொத்தால் சிறு பாத்தி போட்டு, கரையில் வாழையும் நாணலும் வைத்தவரும் அதே விதியில் மாட்டினார். ஃபீரி வழக்கைச் சந்தித்தார். விடுதலைப் போர்க் காலத்தில் சிறையும் சித்திரவதையும் வேறு.

1980இல் நாடு விடுதலை பெற்ற பிறகு எல்லாம் மாறியிருக்கும் என்று எதிர்பார்ப்போம். வேளாண் துறை புதிய அரசின் கீழும் சாய்வு வரப்பைத்தான் பரிந்துரைத்துக்கொண்டிருந்தது. பாடப்புத்தகம் ஆட்சி மாறியதும் மாறாது. ஒரு மனிதர் தன் நிலத்தில் செய்து காட்டியது துறையின் காதில் ஏற வருடங்கள் பிடித்தன. அதற்குள் அக்கம்பக்கத்து விவசாயிகள் வந்து பார்த்துவிட்டுப் போய்த் தங்கள் வாய்க்காலில் குழி வெட்டத் தொடங்கியிருந்தார்கள். ஃபீரியே தண்ணீர் வேலைக்கென்று ஸ்விஷாவானேயில் ஒரு தொண்டு அமைப்பையும் தொடங்கினார். 2006இல் ஆப்பிரிக்க இயற்கைப் பாதுகாப்புத் தலைமைக்கான நேஷனல் ஜியோகிராஃபிக், பஃபெட் விருது வந்தது. அப்போது அவருக்கு வயது எண்பதை நெருங்கிக்கொண்டிருந்தது.

அப்படியே எடுத்துக்கொள்ள முடியாதவை

இந்தக் கதையைச் சொல்கிறவர்கள் பலர் இங்கே நிறுத்திக்கொள்வார்கள். எனக்குச் சில தயக்கங்கள் உண்டு.

முதலாவது அந்தப் பாறை. உச்சியில் வழுக்குப் பாறை இருந்ததால் அவருக்குத் தன் மூன்று ஹெக்டேருக்கு வெளியே விழுந்த மழையும் கிடைத்தது. மழைநீரைத் திரட்டித் தரும் கூடுதல் ஏந்துபரப்பு இலவசம். மட்டமான மணல்வெளியில் மூன்று ஹெக்டேர் வைத்திருப்பவருக்கு அந்தக் கொடுப்பினை இல்லை. கீழே ஈரநிலம் இருந்ததும் அதே மாதிரி அதிர்ஷ்டம். மேலே இறக்கியது எங்கே வெளிவரும் என்பது அங்கே முன்பே தீர்மானமாகியிருந்தது. அடியில் பாறை வேறு மாதிரி சரிந்திருந்தால் அவர் இறக்கிய தண்ணீர் பக்கத்து நிலத்துக் கிணற்றில் ஊறியிருக்கும்.

இரண்டாவது, குழி எல்லா மண்ணுக்கும் பொருந்தாது. ஆழம் குறைந்த மணல்மண்ணில் கனமழை ஆண்டில் வரப்புக்குக் கீழே நீர் தேங்கிப் பயிர் மஞ்சளாகும். இறுகிய களிமண்ணில் குழி இறங்காது, நிரம்பி வழிந்து வரப்பையே உடைக்கும். சாய்வு வரப்பு போட்டவர்கள் முட்டாள்கள் இல்லை, மிகுதி நீர் வெளியேறும் வழி என்று ஒன்று வேண்டும் என்பது அவர்கள் சொன்னதில் சரியான பகுதி. ஃபீரியின் குழிவரிசையிலும் நிரம்பினால் அடுத்ததற்கு வழியும் அமைப்பு இருந்தது. வழிந்தோட இடம் விடாமல் குழி மட்டும் வெட்டுகிறவர் முதல் பெருமழையில் பாடம் படிப்பார்.

மூன்றாவது உழைப்பு. கல் அடுக்கியதும் குழி தோண்டியதும் கையால். ஒரு வருடம் கொஞ்சம், மறு வருடம் கொஞ்சம் என்று போனது அது. மூன்று ஆண்டுத் திட்டத்தில் இலக்கு நிர்ணயித்து முடித்துக் கணக்கு காட்ட முடிகிற வேலை இல்லை. வேலையை இழந்தவர் என்பதால்தான் அவரால் இதைச் செய்ய முடிந்ததோ என்று எனக்கு அடிக்கடி தோன்றும். மாதச் சம்பளம் தொடர்ந்திருந்தால் மழையில் நின்றிருப்பாரா தெரியாது.

எடுத்துக்கொள்ள முடிந்தது எது என்பதற்கு ஒரு நல்ல உதாரணம், முற்றிலும் வேறொரு கண்டத்தில் இருக்கிறது. 1995இல் அமெரிக்காவின் அரிசோனாவைச் சேர்ந்த பிராட் லங்காஸ்டர் ஃபீரியைப் பார்க்க வந்தார். அவர் வீடு டூசான் நகரத்தில். ஆண்டு மழை ஃபீரிக்குக் கிடைத்ததில் பாதிதான், நிலமும் ஒரு நகரத்து மனை. பாறையும் இல்லை, ஈரநிலமும் இல்லை. ஆனால் கூரை இருந்தது, தார்ச்சாலை இருந்தது. தார்ச்சாலையும் ஒரு வழுக்குப் பாறைதான், தண்ணீரைக் குடிக்காது. அவர் தெருவோரக் கல்விளிம்பைச் சிறிது வெட்டி, சாலையில் ஓடும் மழைநீர் நடைபாதை ஓரத்துப் பள்ளங்களில் இறங்கும்படி செய்து, அங்கே நாட்டு மரங்களை வைத்தார். தொடங்கியபோது அதற்கு அனுமதி கிடையாது. மரங்கள் நிழல் கொடுக்கத் தொடங்கிய பிறகு நகரம் அதை முறைப்படி அனுமதித்தது. சட்டம் பின்னால் வந்த விதத்தில்கூட இரண்டு கதைக்கும் ஒற்றுமை.

லங்காஸ்டர் எடுத்துக்கொண்டவை சில பழக்கங்கள் மட்டும்: தண்ணீர் முதலில் எங்கே திரள்கிறது என்று பார்ப்பது, உச்சியில் தொடங்குவது, சிறிதாகச் செய்து ஒரு மழையில் சோதித்து, பிறகு அடுத்தது செய்வது, வழிந்தோட இடம் விடுவது. குழியின் நீள அகலம், கல்லின் அளவு, பயிர்ப் பட்டியல் எதுவும் கண்டம் தாண்டவில்லை.

இதைப் பின்பற்ற நினைப்பவர்கள் படம் வரையும்போது விட்டுவிடும் ஒரு வேலை கடைசியாகச் சொல்லப்பட வேண்டும்: தூர்வாருவது. கல்வரிசைக்குப் பின்னால் படிந்த மண் நிறைந்துவிட்டால் தண்ணீர் கல்லைத் தாண்டிக் குதிக்கும், வரிசையை ஒரு கல் உயர்த்த வேண்டும். குட்டையின் அடியில் மெல்லிய சேறு படிந்தால் கசிவு நின்று குட்டை வெறும் தேங்கல் குட்டையாகிவிடும், வறண்ட மாதத்தில் சுரண்டி எடுக்க வேண்டும். வரப்புக் குழிகளில் ஒவ்வொரு பருவமும் மேலிருந்து வந்த வண்டலும் சருகும் சேரும். மழைக்கு முன் அதை வாரி எடுத்துக் கீழ்ப்பாத்தியில் பரப்பினால் அந்த ஆண்டுக்கு எரு அதுவே, குழியும் அடுத்த மழைக்குக் காலி. மூன்று ஹெக்டேரில் இருக்கும் அத்தனை குழியையும் வாரி முடிக்கக் குடும்பம் முழுவதும் இறங்க வேண்டும், நவம்பருக்குள்.